ஜான் பென்னிகுவிக்

கர்னல் ஜான் பென்னிகுவிக் (ஜனவரி 15, 1841 – மார்ச் 9, 1911) பிரித்தானிய இந்தியாவில் சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் பணியாற்றிய இராணுவப் பொறியாளர் ஆவார். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரியாறும் முல்லையாறும் கூடும் இடத்திற்குக் கீழே அணை ஒன்றைக் கட்டி, மேற்கு நோக்கி அரபிக் கடலுக்குச் சென்ற நீரைக் குகைப்பாதை வழியாகக் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கிற்கும் வைகை ஆற்றிற்கும் திருப்பிய பெரியாற்றுத் திட்டத்தை வகுத்து நிறைவேற்றியவர் இவரே. இன்று முல்லைப் பெரியாறு அணை என வழங்கும் இவ்வணை 1887 முதல் 1895 வரை கட்டப்பட்டது. ஆளரவமற்ற காட்டில், வெள்ளத்திற்கும் கொடிய காய்ச்சலுக்கும் இடையே நடைபெற்ற இப்பணி, கட்டுமானத்தைத் தொடங்கும் முன்பே அதன் இடர்களைக் கணித்துக் குறைக்க முயன்ற முயற்சியாகவும், அவ்வாறு முயன்றும் நூற்றுக்கணக்கான உயிர்களை இழந்த முயற்சியாகவும் நினைவுகூரப்படுகிறது.

பிறப்பும் கல்வியும்

பென்னிகுவிக் இந்தியாவில் உள்ள புனே நகரில் பிறந்தார். இவருடைய தந்தையின் பெயரும் ஜான் பென்னிகுவிக் என்பதேயாகும். பிரித்தானியப் படையில் பிரிகேடியராக இருந்த தந்தை, இரண்டாம் ஆங்கிலேய – சீக்கியப் போரின்போது 1849 ஆம் ஆண்டு ஜனவரி 13 அன்று சில்லியன்வாலாவில் நடந்த போரில் கொல்லப்பட்டார். அதே போரில் மூத்த சகோதரர் அலெக்சாண்டரும் உயிரிழந்தார். அப்போது பென்னிகுவிக்கிற்கு எட்டாம் பிறந்தநாள் வர இரண்டு நாட்களே இருந்தன.

இங்கிலாந்தில் செல்டனாம் கல்லூரியில் பயின்ற பின், கிழக்கிந்தியக் கம்பெனியின் இராணுவப் பொறியாளர்களை உருவாக்கி வந்த அடிஸ்கோம் கல்லூரியில் பயிற்சி பெற்றார். 1858 ஆம் ஆண்டில் சென்னைப் பொறியாளர் படைப்பிரிவில் லெப்டினன்டாகச் சேர்ந்து, 1860 ஆம் ஆண்டில் இந்தியா வந்து சேர்ந்தார்.

இந்தியாவில் தொடக்கப் பணிகள்

அக்காலத்தில் படைப்பிரிவைச் சேர்ந்த பொறியாளர்களே மாகாணப் பொதுப்பணித் துறையின் பாசனம், சாலை, கட்டடப் பணிகளிலும் அமர்த்தப்பட்டனர். பென்னிகுவிக்கும் அவ்வாறே பொதுப்பணித் துறையில் பணியாற்றினார். இடையில் 1867–68 ஆம் ஆண்டுகளில் நடந்த அபிசீனியப் படையெடுப்பில் பங்கேற்றுப் பதக்கம் பெற்றார். பின்னர் பொதுப்பணித் துறையில் படிப்படியாக உயர்ந்து, சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறியாளராகவும், சென்னைச் சட்டமன்றக் குழுவின் உறுப்பினராகவும் ஆனார். 1879 ஆம் ஆண்டில் கிரேஸ் ஜார்ஜியானா சாமியர் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஐந்து மகள்களும் ஒரு மகனும் பிறந்தனர்.

திட்டத்தின் பின்னணி

கம்பம் பள்ளத்தாக்கு ஏலமலைத் தொடருக்கும் வருசநாடு – மேகமலைத் தொடருக்கும் இடையே அமைந்துள்ளது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனி ஆகிய ஊர்கள் இப்பள்ளத்தாக்கிலும் அதன் வாயிலிலும் அமைந்தவை. அன்று இவை மதுரை மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தன. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் பெருமழையைக் கொட்டிவிட்டு வறண்டே கிழக்கே வருவதால், மலைக்கு அப்பால் பெரியாற்றில் வெள்ளம் பெருகும் மாதங்களில்கூட வைகைச் சமவெளி மழையின்றிக் கிடந்தது. 1876–78 ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம் மதுரை, இராமநாதபுரம் பகுதிகளையும் கடுமையாகத் தாக்கியது. மலைக்கு மறுபுறம் வீணாகும் நீரை இப்புறம் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

அவ்வெண்ணம் புதியதன்று. இராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியின் அமைச்சரான பிரதானி முத்திருளப்பப் பிள்ளை 1789 ஆம் ஆண்டிலேயே இதற்கான வாய்ப்பை ஆராயச் செய்தார். செலவு மிகுதி என்பதால் அது கைவிடப்பட்டது. 1808 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கால்டுவெல் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் நில மட்டங்களை அளந்து, திட்டம் நடைமுறைக்கு ஒவ்வாதது என்று அறிக்கை அளித்தார். 1850 ஆம் ஆண்டில் சிறிய அளவில் பணி தொடங்கப்பட்டது. ஆயினும் காட்டுக் காய்ச்சல் பரவியதாலும், அவ்விடத்தில் வேலை செய்யத் தொழிலாளர்கள் கூடுதல் கூலி கேட்டதாலும் அது விரைவில் நின்றுபோனது. அதன் பின் 1860களில் மேஜர் ரைவ்சும், 1870களில் பொறியாளர் ஸ்மித்தும் இத்திட்டத்தை மீண்டும் ஆராய்ந்தனர். பஞ்சத்தின் காரணமாக இம்முயற்சி மேலும் சில ஆண்டுகள் தள்ளிப் போனது.

இம்முயற்சிகளின் வரலாற்றில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. மலையைக் குடைவதும் ஆற்றை மறிப்பதும் மட்டும் இத்திட்டத்தின் தடைகளாக இருக்கவில்லை. அவ்விடத்தில் மனிதர் உயிரோடிருந்து வேலை செய்ய முடியுமா என்பதும் தொடக்கம் முதலே எழுந்து நின்ற வினாவாகும்.

திட்டம் வகுத்தல்

1882 ஆம் ஆண்டில் அணை கட்டும் எண்ணத்திற்கு அரசின் இசைவு கிடைத்தது. திருத்திய திட்டத்தையும் மதிப்பீட்டையும் உருவாக்கும் பொறுப்பு அப்போது மேஜராக இருந்த பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அளித்த திட்டம் 1884 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது.

முந்தைய திட்டங்கள் மண் அணையை முன்வைத்திருந்தன. பென்னிகுவிக் அதற்கு மாறாக, தன் எடையினாலேயே நீரின் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் ஈர்ப்பு அணையைத் தேர்ந்தார். மண் அணையின் மேல் வெள்ளம் புரண்டு ஓடினால் அது விரைவில் அரித்துச் செல்லப்படும். இங்கிலாந்தில் செஃபீல்டு நகருக்கு அருகே 1864 ஆம் ஆண்டில் ஒரு மண் அணை முதன்முறையாக நிரம்பும்போதே உடைந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். அமெரிக்காவின் ஜான்ஸ்டவுனில் 1889 ஆம் ஆண்டில், பெரியாற்றில் பணி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, ஒரு மண் அணை உடைந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். திடீர் வெள்ளத்திற்குப் பேர்போன பெரியாற்றில் கற்கட்டு அணையே பாதுகாப்பானது.

அணையின் உட்பகுதி சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் பொடி) கலந்த காரையில் சல்லிக் கற்களை இட்டும், இரு முகப்புகளும் கருங்கல் கொண்டும் கட்டப்பட்டன. சுர்க்கி கலந்த சுண்ணாம்புக் காரை நீருக்கடியிலும் இறுகும் தன்மை கொண்டது. முதன்மை அணையின் நீளம் சுமார் 1,200 அடி, உயரம் 155 அடி ஆகும். அடிப்பகுதி ஏறத்தாழ 138 அடியும் உச்சி 12 அடியும் அகலம் கொண்டவை. இதனுடன் பக்கத்தில் சிறிய அணை ஒன்றும், மிகை நீர் வெளியேறும் வழியும் அமைக்கப்பட்டன.

அணை அமையும் இடம் திருவிதாங்கூர் நாட்டிற்கு உட்பட்டிருந்தது. எனவே 1886 ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மன்னருக்கும் பிரித்தானிய அரசின் இந்தியச் செயலருக்கும் இடையே 999 ஆண்டுகளுக்கான குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. இதன்படி 8,000 ஏக்கர் நிலத்திற்கு ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாடகை தர வேண்டும் என முடிவாயிற்று. 1887 ஆம் ஆண்டில் கட்டுமானம் தொடங்கியது.

பணிக்களமும் இடர்களும்

அணை அமைந்த இடம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,900 அடி உயரத்தில் உள்ளது. யானைகளும் பிற கொடிய விலங்குகளும் நிறைந்த அடர்காட்டில் குடியிருப்புகளோ சாலையோ இருக்கவில்லை. மதுரை – போடிநாயக்கனூர் இருப்புப்பாதை 1928 ஆம் ஆண்டில்தான் வந்தது என்பதால், பள்ளத்தாக்கிலும் அன்று தொடர்வண்டி வசதி இல்லை. மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடைப்பட்ட அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறக்கப்பட்ட பொருட்கள் மாட்டு வண்டிகளில் பள்ளத்தாக்கு நெடுகிலும் கொண்டுவரப்பட்டு, பின் மலையேற்றப்பட வேண்டியிருந்தது. ஆகவே அணைக்கு முதல் கல் வைப்பதற்கு முன்பாகவே முகாம்களும் வழிகளும் அமைக்கும் பணி பெரிய அளவில் நடைபெற்றது. மலையடிவாரத்தில் கூடலூருக்கு அப்பால் உள்ள ஊர் இன்றும் லோயர் கேம்ப் என்றே வழங்குவது அக்காலத்தின் எச்சமாகும்.

போக்குவரத்து

மலைப்பாதையில் பாரம் ஏற்றுவது மனிதருக்கும் மாடுகளுக்கும் கடினமும் இடரும் நிறைந்த வேலை. அணைக்குத் தேவையான சுண்ணாம்பு முழுவதும் கீழிருந்தே செல்ல வேண்டியிருந்தது. இதற்காக மலையடிவாரத்திலிருந்து மேலே செல்லும் கம்பிவடப் பாதை நிறுவப்பட்டது. மேலே சென்ற சரக்கு, சிறு தடுப்புகளால் நீர் மட்டம் உயர்த்தப்பட்ட ஓடையில் படகுகளில் ஏற்றி அணைக்குக் கொண்டு செல்லப்பட்டது. காட்டாறே சாலையாக்கப்பட்ட இம்முறை, தலைச்சுமையையும் வண்டிப் பயணத்தையும் பெருமளவு குறைத்தது.

வெள்ளம்

அணைப் பணியின் முதன்மை இடர் வெள்ளமே. ஆற்றின் படுகையில் அடித்தளம் இடுவதற்கு முதலில் நீரை விலக்க வேண்டும். அதற்காக மண்ணாலும் மரத்தாலும் தற்காலிகத் தடுப்பணைகள் கட்டப்பட்டன. சென்னைப் பயனியர் படைப்பிரிவுகளின் வீரர்களும் கொச்சியிலிருந்து வந்த போர்ச்சுக்கீசிய வழித் தச்சர்களும் இதில் ஈடுபடுத்தப்பட்டனர். மழை வலுக்கும்போதெல்லாம் இத்தடுப்புகளை வெள்ளம் அடித்துச் சென்றது. மீண்டும் மீண்டும் அவை கட்டப்பட்டன. சுண்ணாம்புக் காரை சிமெந்தைப் போல் விரைந்து இறுகுவதில்லை. எனவே ஒவ்வொரு பருவத்திலும் வெள்ளம் வருவதற்கு எத்தனை நாட்கள் முன்னதாகக் கட்டுவதை நிறுத்த வேண்டும் என்பதும் கணக்கிட வேண்டிய ஒன்றாக இருந்தது. அடித்தளம் ஆற்று மட்டத்தைக் கடந்து எழும்பிய பின்னரே இவ்விடர் ஓரளவு தணிந்தது.

குகைப்பாதை

நீரைக் கிழக்கே கொண்டுவர, தேக்கடிக்கு அருகில் மலை முகட்டிற்குக் கீழே 5,704 அடி நீளத்திற்குக் கடினப் பாறையில் குகைப்பாதை குடையப்பட்டது. நீர்ச் சுழலியின் விசையால் உருவாக்கிய அழுத்தக் காற்றைக் கொண்டு இயங்கும் துளைக்கருவிகள் இப்பணியில் பயன்படுத்தப்பட்டன. குகையின் உட்புறம் எரிபொருளால் இயங்கும் பொறியை வைத்தால் புகை மூச்சை அடைக்கும். அழுத்தக் காற்றுக் கருவியிலோ, வெளியேறும் காற்றே உள்ளிருப்போர் சுவாசிக்கவும் உதவும். இருப்பினும் துளையிடும்போது எழும் கல் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பதும், நீர் பாய்ச்சித் துளையிட்டால் அதைத் தவிர்க்கலாம் என்பதும் பிற்காலத்தில்தான் பரவலாக அறியப்பட்டன.

காய்ச்சல்

வெள்ளத்தை விடவும் மிகுதியான உயிர்களைக் கொண்டது மலேரியாக் காய்ச்சலும் பிற நோய்களுமே. இவ்விடம் காய்ச்சல் மிகுந்தது என்பது 1850 ஆம் ஆண்டின் தோல்வியிலிருந்தே தெரிந்திருந்தது. ஆண்டின் சில மாதங்களில் நோய்க்கு அஞ்சியே பணியை நிறுத்த வேண்டியிருந்தது. ஆனால் நோய் எவ்வாறு பரவுகிறது என்பது அன்று எவருக்கும் தெரியாது. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என நம்பப்பட்டது. மலேரியா என்ற சொல்லுக்கும் கெட்ட காற்று என்பதே பொருள். பிரெஞ்சு மருத்துவர் லவரான் 1880 ஆம் ஆண்டில் நோயாளியின் குருதியில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டறிந்திருந்தாலும், அது கொசுவின் வழியாகப் பரவுவதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897 ஆம் ஆண்டில்தான். அணை திறக்கப்பட்டு அப்போது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

எனவே கொசுவலை கட்டுவது நோய்த் தடுப்பாகக் கருதப்பட்ட காலம் அதுவன்று. நீரை விலக்கி, தடுப்பணை கட்டி, குழி தோண்டி நடைபெற்ற பணியே கொசு பெருகுவதற்கு ஏற்ற தேக்கங்களையும் உருவாக்கியது. இடர் எது என்பது அறியப்பட்டிருந்தது. அதன் காரணம் அறியப்படாததால், இடத்தை விட்டு விலகுவது ஒன்றே உறுதியான காப்பாக இருந்தது.

உயிரிழப்புகள்

கட்டுமானக் காலத்தில் நோயினால் மட்டும் 483 பேர் இறந்ததாகக் கூறப்படுகிறது. இவர்களுள் பலர் அணைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டனர். அவ்விடுகாடு இன்றும் அணையின் வடபுறத்தில் உள்ளது.

அக்காலத்தில் இந்தியாவில் தொழிலாளர் பாதுகாப்பிற்கென இருந்த 1881 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அணை கட்டும் பணிகளுக்குப் பொருந்தாது. வேலையின்போது காயமுற்றோருக்கும் இறந்தோர் குடும்பத்தாருக்கும் இழப்பீடு வழங்க வகை செய்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923 ஆம் ஆண்டில்தான் வந்தது. கட்டுமானத் தொழிலாளர்களின் பாதுகாப்பு, உடல்நலம், நலவாழ்வு ஆகியவற்றுக்கெனத் தனிச் சட்டம் 1996 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பணிக்களத்தில் எதிர்பார்க்கக்கூடிய இடர்களை முன்கூட்டியே கண்டு தடுப்பது வேலை தருவோரின் கடமை என்னும் நிலை, பெரியாற்றில் மாண்டவர்களுக்குப் பின் நெடுங்காலம் கழித்தே சட்ட வடிவம் பெற்றது.

திறப்பு விழா

எட்டு ஆண்டுகளுக்குப் பின் பணி நிறைவுற்று, 1895 ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையின் நீரைத் தமிழகப் பகுதிக்குத் திறந்துவிட்டார். குகைப்பாதையைக் கடந்த நீர் மலைச்சரிவில் இறங்கி வைரவனாற்றில் சேர்ந்து, சுருளியாறு வழியாக வைகையை அடைந்தது. திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர்களுள் ஒருவரான மெக்கன்சி 1899 ஆம் ஆண்டில் இதன் வரலாற்றைத் தனி நூலாக வெளியிட்டார். பணி நடைபெற்ற முறையை இன்று அறிவதற்கு அந்நூல் முதன்மையான ஆதாரமாக உள்ளது.

திட்டத்தின் பயன்கள்

பெரியாற்று நீரினால் இன்றைய தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் பாசனத்திற்கோ குடிநீருக்கோ பயன் பெறுகின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் சாகுபடிக்கு உரியதாகும். பருவமழையும் நீர் இருப்பும் ஒத்துழைக்கும் ஆண்டுகளில் ஜூன் மாதத் தொடக்கத்தில் முதல் போகத்திற்காக அணை திறக்கப்படுவது வழக்கம். நெல் தவிர வாழை, தென்னை, திராட்சை ஆகியனவும் இப்பகுதியில் பயிராகின்றன. 1950களின் இறுதியில் லோயர் கேம்ப்பில் நீர்மின் நிலையம் அமைக்கப்பட்ட பின், மலையிலிருந்து இறங்கும் இந்நீர் மின்சாரம் எடுக்கவும் பயன்பட்டது. 1959 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வைகை அணை, பெரியாற்று நீரையும் தேக்கி வைக்க உதவுகிறது. அணையினால் உருவான தேக்கடி ஏரியைச் சுற்றியுள்ள காடு 1978 ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

செவிவழிச் செய்திகள்

வெள்ளத்தில் தடுப்பணைகள் அடித்துச் செல்லப்பட்டதால் அரசு பணம் தர மறுத்தது என்றும், பென்னிகுவிக் இங்கிலாந்திலிருந்த தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டி முடித்தார் என்றும் ஒரு செய்தி தேனி, மதுரை வட்டாரங்களில் பரவலாக வழங்குகிறது. இது செவிவழிச் செய்தியாகவே கொள்ளத்தக்கது. அரசின் ஒப்புதலோடும் அரசின் பொதுப்பணித் துறையின் மூலமாகவும் நடைபெற்ற திட்டம் இது என்பது ஆவணங்களில் தெளிவு. எனினும், பலமுறை அழிந்த பணியைக் கைவிடாமல் முடித்த ஒருவர் மீது மக்கள் கொண்ட நன்றியின் வெளிப்பாடு என்ற அளவில் இச்செய்தி கவனிக்கத்தக்கது.

பிற்கால வாழ்க்கை

பெரியாற்றுத் திட்டத்திற்காக 1895 ஆம் ஆண்டில் பென்னிகுவிக்கிற்கு இந்திய நட்சத்திர விருது வரிசையில் சி.எஸ்.ஐ. பட்டம் வழங்கப்பட்டது. இத்திட்டத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு இங்கிலாந்தின் கட்டடப் பொறியாளர் நிறுவனம் டெல்ஃபோர்டு பதக்கம் வழங்கியது. 1896 ஆம் ஆண்டில் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய அவர், இந்தியப் பணிக்கான பொறியாளர்களைப் பயிற்றுவித்த கூப்பர்ஸ் ஹில் கல்லூரியின் தலைவராக 1899 வரை பொறுப்பு வகித்தார்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரம் 1893 ஆம் ஆண்டு வெள்ளத்தில் பேரழிவைச் சந்தித்திருந்தது. அந்நகரில் ஓடும் ஆற்றின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்தும் வழிகளை ஆராய்ந்து சொல்லப் பென்னிகுவிக் அழைக்கப்பட்டார். 1899 ஆம் ஆண்டில் அவர் இது குறித்து அறிக்கை அளித்தார்.

1911 ஆம் ஆண்டு மார்ச் 9 அன்று, இங்கிலாந்தின் கேம்பர்லியில் தமது 70 ஆம் வயதில் காலமானார். சர்ரே மாவட்டத்தின் ஃப்ரிம்லியில் உள்ள புனித பேதுரு தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இவருடைய மகன் சர் ஜான் பென்னிகுவிக் பிற்காலத்தில் இங்கிலாந்தில் நீதிபதியாக விளங்கினார்.

அணையின் பாதுகாப்பு பற்றிய விவாதம்

அணை திறக்கப்பட்ட அதே 1895 ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதத்தில், பிரான்சில் பூசே என்னுமிடத்தில் இருந்த கற்கட்டு அணை உடைந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அணையின் உள்ளும் அடியிலும் கசியும் நீர் கீழிருந்து மேல்நோக்கித் தரும் அழுத்தத்தைக் கணக்கில் கொள்ளாததே அதற்கு முதன்மைக் காரணம் என அறியப்பட்டது. அதன் பிறகே அணை வடிவமைப்பில் இம்மேலழுத்தத்தைக் கணக்கிடும் வழக்கம் பரவியது. பெரியாற்று அணை அதற்கு முந்தைய முறையில் வடிவமைக்கப்பட்டதாகும்.

அணையின் உறுதி குறித்துக் கேரளத்தில் ஐயம் எழுந்ததைத் தொடர்ந்து, 1979 ஆம் ஆண்டில் நீர்த்தேக்க அளவு 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அதன் பின், அணையின் உச்சியில் கான்கிரீட் தொப்பி அமைத்தல், எஃகு வடங்களை அணையின் வழியாக அடிப்பாறை வரை இறக்கி இறுக்குதல், பின்புறத்தில் கான்கிரீட் தாங்கு சுவர் எழுப்புதல் ஆகிய வலுப்படுத்தும் பணிகளைத் தமிழக அரசு மேற்கொண்டது. 2006 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்த அனுமதித்தது. கேரள அரசு அதைத் தடுக்கும் வகையில் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2014 ஆம் ஆண்டு மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அத்திருத்தம் செல்லாது எனத் தீர்ப்பளித்து, 142 அடியை உறுதி செய்தது. தமிழகத்தின் ஐந்து மாவட்டங்களுக்கு இவ்வணை வாழ்வாதாரமாகவும், அணைக்குக் கீழே வாழும் கேரள மக்களுக்கு இது பாதுகாப்பு குறித்த கவலையாகவும் இருப்பதால், அணையின் நிலையைத் தொடர்ந்து கண்காணித்து வருவது இரு தரப்புக்கும் இன்றியமையாதது.

நினைவுச் சின்னங்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகளிலும் கடைகளிலும் பென்னிகுவிக்கின் படம் தெய்வப் படங்களோடு வைக்கப்பட்டுள்ளதைக் காணலாம். குழந்தைகளுக்கு அவர் பெயரைச் சூட்டும் வழக்கமும் உண்டு. அவருடைய பிறந்தநாளான ஜனவரி 15 பொங்கல் திருநாளை ஒட்டி வருவதால், தேனி மாவட்டத்தின் பாலார்பட்டி முதலிய ஊர்களில் அந்நாளில் அவருக்குப் பொங்கல் வைத்து விழா எடுக்கின்றனர்.

லோயர் கேம்ப்பில் தமிழக அரசு அமைத்த பென்னிகுவிக் மணிமண்டபம் 2013 ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று திறக்கப்பட்டது. அங்கு அவருடைய வெண்கலச் சிலை உள்ளது. மதுரையில் பொதுப்பணித் துறை வளாகத்திலும் அவருக்குச் சிலை உண்டு. தேனியின் புதிய பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. 2022 ஆம் ஆண்டு செப்டம்பரில், அவர் இறுதிக்காலத்தைக் கழித்த கேம்பர்லியிலும் தமிழக அரசின் சார்பில் சிலை நிறுவப்பட்டது. அணையருகே காட்டினுள் அமைந்த இடுகாட்டிற்கு மக்கள் எளிதில் சென்று வர இயலாது. அங்கு அடக்கம் செய்யப்பட்ட தொழிலாளர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் பரவலாக அறியப்படவில்லை.